வண்டிக்கு ஒரு போர்வை

பயணத்தைப் பற்றி எழுதுவோர் பலர். பயணி உறங்கும் இரவில் வாசலில் நனைந்து நிற்கும் வண்டியைப் பற்றி எழுதுவோர் அரியர். நமக்கோ அந்த இரவே கவலை. காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி, தென்காசி, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் வரை தையற் பொருள்களின் மாதிரிகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுசென்று கடை கடையாகக் காட்டுவது நம் பிழைப்பு. வண்டி ஒரு நாள் படுத்தால் அன்றைய வரும்படியும் உடன் படுத்துவிடும். நாம் தங்கும் சிறு விடுதிகளில் மனிதனுக்குக் கூரை உண்டு, வண்டிக்கு இல்லை.

இந்த ஒரு சாலையிலேயே இரண்டு பருவமழைகளைக் காணலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய் வழியே சீறி வந்து தென்காசிப் பக்கம் சாரல் தூவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நம் கடற்கரையை நனைக்கும். மற்ற மாதங்களில் வெயிலும் உப்புக் காற்றும். ஆகவே உறை வாங்கப் புறப்பட்டபோது மழை ஒன்றை மட்டும் மனத்திற்கொண்டு வாங்க இயலவில்லை.

கடைக்காரர் மூன்று உறைகளை விரித்தார். ஒன்று தார்ப்பாய் போன்ற கனத்த பிளாஸ்டிக். மற்றொன்று கைக்குட்டைபோல் மடியும் மெல்லிய பாராசூட் துணி. மூன்றாவது, உட்புறம் பூச்சுப் பூசிய நடுத்தரப் பாலியெஸ்டர். கனத்த உறையின்மேல் ஒரு செம்பு நீரை ஊற்றி, "ஒரு சொட்டு இறங்காது, பாய்!" என்றார். உண்மைதான், இறங்கவில்லை. ஆனால் துணியின் நடுவில் ஊற்றிய நீர் எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஊசி துளைத்த இடமெல்லாம் நீருக்கு வாயில் என்பது நூல் விற்கும் நமக்குத் தெரியாததன்று. உறையைப் புரட்டித் தையலைப் பார்த்தோம். மூன்றாவது உறையில் மட்டுமே தையலின்மேல் உட்புறமாக நாடா ஒட்டியிருந்தது.

நீர் உள்ளே வராதிருப்பது பாதி வேலைதான். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவது மறு பாதி. மழையில் ஓடி வந்த வண்டியின்மேல் காற்றுப் புகாத உறையை இட்டால், இஞ்சினின் வெப்பத்தால் ஈரம் ஆவியாகி மேலெழும். இரவு குளிர்ந்ததும் உறையின் உட்புறத்தில் நீராகி மீண்டும் வண்டியின்மேலேயே சொட்டும். கடற்கரை வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தைத் தானே ஈர்த்துக் கரையும். உப்புப் படிந்த வண்டியை மூடி வைப்பது துருவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். பிரேக் கம்பி உள்ளே துருத்து அற்றுப்போவதைக் கண்ணால் காண இயலாது. மலைச்சாலையில் இறங்கும்போதுதான் தெரியவரும். ஆகையால், மழை புகாதவாறு மடிப்பு தைத்த காற்றுத் துளைகள் இரு பக்கமும் உள்ள உறையையே தேர்ந்தோம். அதுவும் அந்த மூன்றாவதுதான்.

வெப்பத்தையும் எண்ண வேண்டும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 260 பாகை செல்சியஸில் உருகும். பிளாஸ்டிக் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். ஓடி நின்ற வண்டியின் சைலன்சரில் பட்டால் துணி ஒட்டிக் கருகும். சைலன்சர் பக்கம் வெப்பம் தாங்கும் துணி தைத்த உறைகள் உள்ளன. இருப்பினும், மழை விடாது பெய்தாலும் அரை மணி நேரம் பொறுத்தே போர்த்துகிறோம். அந்த அரை மணியில் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைத்துவிடலாம். அழுக்கோடு போர்த்தினால் காற்றில் உறை அசைய அசைய, மணல் வண்ணத்தைத் தேய்க்கும்.

காற்றின் வலிமை கடற்கரையார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்காசியில் நண்பர் ஒருவரின் உறை, கீழே கட்டாமையால் தோணிப் பாய்போல் புடைத்து, பக்க ஸ்டாண்டில் நின்ற வண்டியையே சாய்த்துவிட்டது. கிளட்ச் பிடி ஒடிந்தது. உறையின் அடிவிளிம்பில் எலாஸ்டிக் இருந்தால் மட்டும் போதாது. வண்டியின் வயிற்றுக்குக் கீழே இழுத்துக் கட்டும் வாரும் இருத்தல் வேண்டும்.

எவ்வளவு நல்ல உறையானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்திற்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தெருவில் நீர் ஏறியபோது நாம் வண்டியைப் பார்த்து நின்றோம். "முதலில் பிள்ளைகளை மேலே ஏற்று, வாப்பா!" என்றார்கள் உம்மா. பிள்ளைகளை ஏற்றினோம். பிறகு உறையைக் கழற்றி, மாதிரிப் பெட்டிகளை அதில் பொதிந்து மாடிக்குக் கொண்டுபோனோம். வண்டியை நீர் மூடியது. பெட்டிகள் நனையவில்லை. நீர் வடிந்த பின்னரும் இஞ்சினைக் கிளப்பாமல், மெக்கானிக்கை அழைத்து எண்ணெயையும் பெட்ரோலையும் வடித்து உள்ளே உலர்த்திய பிறகே ஓட்டினோம். அதே வண்டிதான் இன்றும் நமக்குச் சோறு போடுகிறது.

உறைக்கும் ஆயுள் உண்டு. வெயிலிலும் புழுக்கத்திலும் பூச்சு உரிந்து பொடியாய் உதிரும். அன்று அதை மாற்றிவிட வேண்டும். ஈரமாய் மடித்த உறை பூஞ்சை பிடிக்கும். வழியில் நண்பகல் உணவுக்கு நிற்கும்போது வேலியில் விரித்தால் விரைவில் உலரும்.

வீட்டுப் பிள்ளைகள் வண்டியெடுத்துத் தொலைவழி புறப்படும்போது, பெட்ரோல் போட்டாயா என்று கேட்கிறோம்; தலைக்கவசம் எடுத்தாயா என்று கேட்கிறோம். இரவு அவர்கள் தொலைபேசியில் பேசும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: போர்த்துவதற்கு முன் வண்டியைத் துடைத்தாயா?