வளைத்த பிறகு அளந்து பார்

அன்புள்ள தம்பிக்கு,

 

வளையும் ஆன்டெனா வரிசையை ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடு. ஆனால் பாலிஇமைடு ஷீட்டில் அச்சடித்து, வளைத்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டுவதோடு நின்றுவிடாதே. வளைப்பது சுலபம், வளைந்த பிறகும் பீமை நினைத்த திசைக்கு அனுப்புவதில்தான் வேலையே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ. அதில் பாதி இடைவெளி விட்டு நான்கு பேட்ச் ஆன்டெனாக்களை வரிசையாக வை. காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனைச் சுற்றி அதை ஒட்டு. கேனின் விட்டம் 27 செ.மீ. என்றால், ஓரத்து இரண்டும் நடு இரண்டைவிட ஏறக்குறைய 2.75 செ.மீ. பின்தங்கிவிடும். ஃபேஸில் அது கிட்டத்தட்ட 80 டிகிரி. இந்தப் பிசகால் மட்டுமே நேர் எதிரே போய்ச் சேரும் சக்தியில் சுமார் 40 சதவீதம் போய்விடும். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் இன்னும் மோசம்: அலைநீளமே 3 செ.மீ.தான், 3 மி.மீ. நகர்ந்தாலே 36 டிகிரி.

கேனின் வளைவு மாறாது என்பதால், நடு இரண்டுக்குப் போகும் கேபிளை அந்த 80 டிகிரிக்கு ஏற்ப நீட்டினால் போதும். சட்டைத் துணியிலோ, விண்வெளியில் விரியும் படலத்திலோ வளைவு மாறிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு எலிமென்டில் சிக்னல் விட்டு, பக்கத்து எலிமென்ட் எவ்வளவு வாங்குகிறது என்று அளப்பார்கள். வளைவு மாறினால் அந்தக் கப்ளிங்கும் மாறும். அதை வைத்தே வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கால்டெக்கில் அலி ஹஜிமிரியின் குழு இதைச் செய்திருக்கிறது. 2023 ஜனவரியில் விண்வெளிக்குப் போன மேப்பிள் என்ற வளையும் ஆன்டெனா வரிசையும் அவர்களுடையதுதான். அது அனுப்பிய சிக்னலை மே 22 அன்று பசடேனாவில் தங்கள் கட்டட மாடியிலேயே பிடித்தார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: வளைக்கும்போது முதலில் விட்டுப்போவது கனெக்டர் பற்றவைத்த இடம்தான். அதற்கு அடியில் சின்ன எஃப்ஆர்4 துண்டு ஒட்டி, அந்த ஓரத்தை மட்டும் வளையவிடாதே.

உங்கள் லேபில் நெட்வொர்க் அனலைசர் இருக்கிறதா என்று விசாரி. தட்டையாக ஒரு தடவை, வளைத்து ஒரு தடவை, ஃபேஸைச் சரிசெய்த பின் ஒரு தடவை அளந்து மூன்று வரைபடங்களையும் எனக்கு அனுப்பு. அனலைசர் இல்லாவிட்டால் பொங்கல் லீவில் இங்கே வா. எங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா