பொன்னுருவி, குந்தி, மேடைக்கு வராத ராதை



நம் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துவிட்டால் என் செல்போனுக்கு ஓய்வு கிடையாது. "டீச்சர், கர்ணன் பெரியவனா, அர்ச்சுனன் பெரியவனா?" வகுப்பில் கேட்டவர்கள் தலை நரைத்த பிறகும் அதையேதான் கேட்கிறீர்கள். அதற்குக் கூத்து எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஆட்டத்தின் பெயரே 'கர்ண மோட்சம்'. 

அந்த ஆட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் வேறு இரண்டு பேர். கர்ணனைப் பெற்ற குந்தி, கர்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட பொன்னுருவி.

வெளிநாட்டில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் நாள் போர். துரோணர் விழுந்தாகிவிட்டது, கர்ணன்தான் சேனாதிபதி. சல்லியன் தேர் ஓட்டப் போகிறான். களத்துக்குப் போகுமுன் மனைவியிடம் விடைபெற வருகிறான் கர்ணன். அவளோ ராஜா மகள். தேரோட்டி மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று கல்யாண நாளிலிருந்து மனசுக்குள் புழுங்கிக்கொண்டு இருப்பவள். (புகழேந்திப் புலவர் பெயரில் 'பொன்னுருவி மசக்கை' என்று பெரிய எழுத்துப் புத்தகமே உண்டு. என் பாட்டி காலத்தில் அது இல்லாத வீடு குறைவு.) நான் பார்த்த ஆட்டங்களில் எல்லாம் இந்த இடத்தில் அவள் வாய் சும்மா இருக்காது. குலத்தைச் சொல்லிக் குத்துவாள். நடுவில் கட்டியங்காரன் புகுந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். கடைசியில் கர்ணன் தன் பிறப்பு ரகசியத்தை அவளிடம் சொல்லுவான். அதுவரை நிமிர்ந்து நின்ற பெண் வேஷம் அப்படியே காலில் விழும். முகவீணை அழ ஆரம்பிக்கும்.

குந்திக்கு விடியற்காலை. கர்ணன் விழுந்த பிறகு ஓடிவந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, "இவன் என் மகன்" என்று ஊரறியச் சொல்லி அழுவாள். பெண்கள் பக்கத்தில் முந்தானை நனையாதவர்கள் கிடையாது. நம் மாவட்டங்களில் கருமாதி ராத்திரியில் பெரும்பாலும் இந்த ஆட்டத்தையே வைக்கிறார்கள். செத்துப்போனவருக்காக வீட்டார் அழுது தீராத அழுகையைக் குந்தி அழுது கொடுக்கிறாள்.

ஆக, ஊர் குந்திக்காக அழுகிறது. பொன்னுருவியைப் பார்த்து, "வாயாடி, நல்லா வேணும்" என்கிறது. எனக்கு இதில்தான் வழக்கு.

பொன்னுருவிக்கு உண்மை தெரியாது. தெரியாமல் பேசினாள், முகத்துக்கு நேராகவும் பேசினாள். குந்திக்கு எல்லாம் தெரியும். அரச குமாரர்கள் வித்தை காட்டும் அரங்கத்தில், "நீ எந்தக் குலம்?" என்று கிருபர் எழுந்து கேட்டபோது அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மயங்கி விழுந்தாளே தவிர வாய் திறக்கவில்லை. திறந்ததெல்லாம் போர் நெருங்கிய பிறகு, அதுவும் வரம் கேட்க. நாகாஸ்திரத்தை அர்ச்சுனன் மேல் இரண்டாம் முறை விடாதே, மற்ற நால்வரையும் கொல்லாதே. இரண்டையும் கொடுத்துவிட்டு, நான் செத்த பிறகாவது எல்லோர் முன்னும் என்னை மகன் என்று சொல் என்று அவன் கேட்டுக்கொள்கிறான். நாம் விடியற்காலையில் பார்த்து அழுவது அந்த ஒப்பந்தம் நிறைவேறுவதைத்தான். குந்தியைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல வரவில்லை. கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்ற பெண் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். ஆனால் யார் பேச்சு அவனை அதிகம் காயப்படுத்தியது என்று தேடினால், பேசாதவளிடம் போய் நிற்கிறது என் மனசு.

கிரேக்கத்தில் சோபோக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகமும் பிறப்பு ரகசியம்தான். அங்கே பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்தது நாயகனுக்குத் தெரியாது. தெரிந்ததும் கண்ணைக் குத்திக்கொள்கிறான். நம் கர்ணனுக்குப் போருக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு வீட்டில் பேச்சு வாங்குகிறான். இரண்டில் எது கொடுமை?

பொன்னுருவிக்காக இவ்வளவு பேசினாலும் அவளிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. அவள் காலில் விழுவது எப்போது? கர்ணன் ராஜ வம்சம் என்று தெரிந்த பிறகு. தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாள். குலம் பார்ப்பது தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. தான் குலத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோம் என்றுதான் புரிந்தது.

என் மாணவர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர். மனைவி வீட்டில் பல வருடம் திண்ணையோடு சரி, காபியும் பேப்பர் கப்பில். அரசு வேலைக்கு ஆர்டர் வந்த வாரம் உள்ளே கூப்பிட்டு, தலைவாழை இலை போட்டு, மாமனாரே பக்கத்தில் நின்று பரிமாறினாராம். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். "டீச்சர், அந்த இலை எனக்குப் போட்டதா, ஆர்டருக்குப் போட்டதா?" நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த தடவை 'கர்ண மோட்சம்' பார்த்தபோது, எல்லோரும் உச்சுக்கொட்டும் அந்தக் காலில் விழும் இடத்தில் எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வந்தது.

இன்னொருத்தி பாக்கி இருக்கிறாள். ஆற்றில் மிதந்து வந்த பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்து வளர்த்த ராதை. தேரோட்டி அதிரதன் பெண்டாட்டி. பெறாத பிள்ளைக்காக அவளுக்குப் பால் சுரந்தது, அவளை எப்படி விட்டு வருவேன் என்று கண்ணனிடமே கர்ணன் சொல்வதாக வியாசர் பாரதத்தில் வருகிறது. ராதேயன் என்று கூப்பிட்டால் அவனுக்குப் பெருமைதான். பி.எஸ். ராமையா தன் நாடகத்துக்குத் 'தேரோட்டி மகன்' என்றே பெயர் வைத்தார். வசவாக வீசிய வார்த்தையைத் தலைப்பாக்கிய அந்த மனுஷர் மேல் எனக்குத் தனி மரியாதை.

குலம் கேட்காமல் அவனைத் தூக்கியவள் அவள் ஒருத்திதான். துரியோதனனும் கேட்கவில்லை என்பீர்கள். அவனுக்கு அர்ச்சுனனை அடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. ராதைக்கு என்ன வேண்டியிருந்தது? ஆனால் படுகளத்தில் பெற்றவள் வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும்போது வளர்த்தவள் எங்கே இருந்தாள்? அவளுக்குச் சேதி சொன்னது யார்? இத்தனை வருடத்தில் ஒரு ஜமாவிலும் ராதைக்கு வேஷம் கட்டி நான் பார்த்ததில்லை.

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசிப் பக்கம் கூத்து பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். ராதை வந்து அழுகிற ஆட்டம் எங்கேயாவது பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஜமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழங்கால் வலியோடு ஆனாலும் பாய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.