நூல் எவ்வளவு நீளம்?

"அசைன்மென்ட் எத்தனை பக்கம் எழுதணும் சேர்?" என்று கேட்டோம். "ஒரு நூல் துண்டு எவ்வளவு நீளம்?" என்று அவர் திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். விடை சொல்ல முடியாத கேள்விக்கு ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்களாம். எங்களுக்கு அது தெரியாது. பிலிமத்தலாவை போடிங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே மூன்று பேரும் விடை தேடத் தொடங்கினோம்.

மட்டக்களப்புக்காரி: "பார்சல் கட்டத் தேவையான அளவில நாலு விரல் குறைவு. எப்பவும்."

யாழ்ப்பாணத்துக்காரி: "தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக்குப் போய் பட்டம் ஏத்துறவையைக் கேளுங்கோ. பட்டம் அறுந்தாப் பிறகுதான் நூல் எவ்வளவெண்டு தெரியும்."

மலையகத்துக்காரி: "நூல்னா புத்தகமுந்தானே? பரீட்சைக்கு மொத நாள் எல்லா நூலும் நீளம்தான்."

பக்கத்தில் நின்ற ஆன்ட்டி ஏன் சிரிக்கிறோம் என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னோம். "நடுவிலிருந்து நுனிவரை அளந்து அதை ரெண்டால பெருக்குங்க" என்றார் அவர். அன்றைக்கு முதல் பரிசு அவருக்குத்தான்.

பகிடிதான். ஆனாலும் யோசித்தால், நீளம் பற்றிய கேள்வி எல்லாமே கொஞ்சம் இப்படித்தான். பிலிமத்தலாவைச் சந்தியிலிருந்து கடலாதெனிய விகாரைக்கும் அங்கிருந்து லங்காதிலகவுக்கும் ஒருநாள் நடந்து போனோம். வழியில் யாரிடம் கேட்டாலும் ஒரே விடை: "மே லங்க." இதோ, பக்கத்தில்தான். அந்தப் பக்கம் எங்கள் செருப்பைத் தேய்த்தது. நம்மவர்களின் 'கூப்பிடு தூரம்' மட்டும் என்ன, கூப்பிடுகிறவரின் தொண்டையைப் பொறுத்ததுதானே?

இந்த ஊர்ப்பக்கம் எலதத்த என்றொரு கிராமம் இருக்கிறது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கடைசியாகக் குடியிருந்தது அங்கேதான். 1679இல் தப்பிப் போய், 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இங்குள்ளவர்கள் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து முழம் அளப்பதை அதில் எழுதியிருக்கிறார். யாருடைய கை? பூக்காரியிடம் நாங்களும் கேட்கும் கேள்வி அது. சிறையிருப்பு இன்னும் எவ்வளவு காலம் என்று 1660இல் நொக்ஸிடம் யாராவது கேட்டிருந்தால், 19 வருஷம் என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா?

புவியியல் படிக்கும் எங்கள் மட்டக்களப்புக்காரி இன்னொன்றும் சொன்னாள். இலங்கையின் கரையோரம் ஓரிடத்தில் 1340 கிலோமீட்டர், இன்னோரிடத்தில் 1620. யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் சின்னதாகச் சின்னதாக ஒவ்வொரு வளைவும் களப்பும் கணக்கில் சேரும், நீளம் கூடும். பிரித்தானியாவின் கரை எவ்வளவு நீளம் என்று மண்டெல்ப்ரோ 1967இல் எழுதிய கட்டுரையின் விஷயமும் இதுதான். எதால் அளக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் விடை இல்லை.

அன்று இரவு மலையகத்துக்காரியின் அம்மா கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

"படிப்பு முடிய இன்னும் எவ்வளவு காலம் புள்ள?"

மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு, "நூல் எவ்வளவு நீளமோ அவ்வளவு அம்மா" என்றோம்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"நீ கெம்பஸ் போனப்பதான் நம்ம மலையில கவ்வாத்து வெட்டுனாங்க. இப்ப அந்த மலை திரும்பவும் கவ்வாத்துக்கு வந்திருச்சு."

ஒரு மலையில் கவ்வாத்து வெட்டினால், அடுத்த கவ்வாத்துக்கு வருஷக்கணக்காகும். இடைப்பட்ட காலம் முழுக்க அதே செடிகளில் கொழுந்து பறித்த கை அவருடையது. எங்கள் படிப்பை அவர் அதால் அளந்து வைத்திருக்கிறார். கொரோனா, பெற்றோல் வரிசை, வேலைநிறுத்தம், தள்ளிப்போன பரீட்சை என்று நாங்கள் சொல்லும் காரணமெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் காரணம் கேட்கவில்லை. இன்னும் எத்தனை மாதம் இந்தக் கூடையைச் சுமக்க வேண்டும் என்று கேட்டார்.

பகிடி விட்டது பிழை என்று அப்போதுதான் உறைத்தது. தெரிந்ததைச் சொன்னோம்: "ரெண்டு செமஸ்டர் இருக்கு அம்மா. பிறகு ஒரு ஆய்வுக் கட்டுரை. திகதி இன்னும் குடுக்கல்ல."

"ம், இத மொதல்லயே சொல்லியிருக்கலாந்தானே" என்றார் அம்மா. பிறகு, சாப்பிட்டீங்களா என்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டார்.