கடலூர் மைதானத்துப் பெண்கள்

கடலூருக்குப் போகிறவர்கள் வெள்ளிக் கடற்கரையில் காலை நனைப்பார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரரைத் தரிசிப்பார்கள். நானும் இரண்டையும் குறைவில்லாமல் செய்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் கண்ணிலேயே நிற்பது மஞ்சக்குப்பம் விளையாட்டு மைதானமும், அங்கே பந்து உதைத்த பெண் குழந்தைகளும்தான்.

என் சின்ன அக்கா கடலூரில் இருக்கிறாள். காலாண்டு லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ராயபுரத்தில் விடிந்தால் தையல் மெஷின் சத்தம், இருட்டினாலும் அதே சத்தம். அதிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது. சேலத்தில் பஸ் மாறி, ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் என்று எலும்பெல்லாம் குலுங்கி, நெய்வேலி தாண்டி முந்திரிக் காடுகளைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது.

என் கைப்பையில் மடித்து வைத்த ஒரு தாளும் கூடவே வந்தது. எட்டாவது படிக்கும் மகளைப் பள்ளிக் கால்பந்து அணியில் எடுத்திருந்தார்கள். வெளியூர்ப் பந்தயத்துக்கு அனுப்பப் பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். “வயசுக்கு வந்த புள்ளை அரை டவுசரைப் போட்டுக்கிட்டு ஊரே பாக்க ஓடறதா? நல்லா இருக்குது அம்மிணி!” என்றார்கள் என் அத்தை. பழியை மாமியார் மேல் போட்டுவிட்டுப் போவது சுலபம். உண்மையைச் சொன்னால் நானும் அவர்கள் கட்சிதான். பத்து நாளாகத் தாளை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன்.

விஷயத்தைக் கேட்ட அக்கா சிரித்தாள். “இந்த ஊருக்கு வந்தா இதைக் கேக்கறே? சாயங்காலம் வா, காட்டறேன்” என்றாள்.

மைதானத்தில் பத்து வயதிலிருந்து இருபது வயது வரை பெண்கள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டு புழுதி பறக்க ஓடுகிறார்கள். பந்து ஆண்கள் ஆடுகிற அதே பந்துதான். 410 கிராமுக்குக் குறையக் கூடாதாம். பெரிய பந்தயங்களில் ஆட்டமும் அதே 90 நிமிடம். பெண்களுக்கென்று சலுகை கிடையாது.

மாரியப்பன் என்ற பயிற்சியாளர்தான் இந்த ஊரில் பெண்களுக்குக் கால்பந்தைக் கற்றுக் கொடுத்து வளர்த்தவர். சுனாமியில் பெற்றோரை இழந்த பெண்களும் அவரிடம் கற்றார்கள். கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். தமிழகக் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராகி, 2020 ஊரடங்கின்போது சென்னைத் தெருக்களில் காவல் பணியும் பார்த்தார். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசியப் பந்தயத்தில், யாராலும் அசைக்க முடியாதிருந்த மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதன்முதலாகக் கோப்பை வாங்கியதே, அந்த அணியில் கடலூர்ப் பெண்கள் பல பேர். மறு வருஷம் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் வீட்டு டி.வி.யில் கிரிக்கெட் ஓடியதால் இதெல்லாம் நம் காதில் விழவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், காலி மீன் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்ணும் ஆடிக்கொண்டிருந்தாள். “ஊர்லே ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“சொல்லுவாங்கம்மா. சுனாமி அன்னிக்குப் புடவை காலைத் தடுக்கி விழுந்தவங்களை நான் பாத்தேன். புள்ளையை இடுப்புலே தூக்கிக்கிட்டு ஓட முடியாம நின்னவங்களைப் பாத்தேன். எம் பொண்ணு நல்லா ஓடட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மைதானத்தைப் பார்த்து, “காலை நீட்டு புள்ளே!” என்று கத்தினார்.

அவர் சொன்னதில் மிகையில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி ஆக்ஸ்பாம் தொண்டு நிறுவனம் 2005இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர் என்கிறது அது. கடலுக்குப் போன படகுகள் மீனோடு திரும்பும் என்று பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். பலருக்கு நீந்தவோ மரம் ஏறவோ தெரியாது. குழந்தைகளை விட்டுவிட்டு ஓடவும் மனம் வராது. அந்தக் கணக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஓடாதே, குதிக்காதே, மரத்தில் ஏறாதே என்று என் மகளிடம் நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

பெண்களைத் தடுத்தது நம் ஊரில் மட்டுமல்ல. இங்கிலாந்தில் முதல் உலகப் போரின்போது பிரஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் ஓர் அணி சேர்த்தார்கள். நம் பனியன் கம்பெனிப் பெண்கள் மாதிரி ஷிப்ட் வேலை பார்த்தவர்கள்தான். 1920 டிசம்பரில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். மறு வருஷமே ‘பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதல்ல’ என்று சங்க மைதானங்களில் தடை போட்டுவிட்டார்கள். அது நீங்க 50 வருஷம் ஆயிற்று.

நம் பெண்களோ 1980இல் கோழிக்கோட்டிலும், 1983இல் பாங்காக்கிலும் ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் வந்தவர்கள். அப்புறம் கவனிப்பாரில்லாமல் வெகுகாலம் போயிற்று. 2025 ஜூலையில் தாய்லாந்துக்கே போய் அந்த நாட்டை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாகவே முதன்முறை ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள்.

தாய்மார்களுக்கு வரும் சந்தேகத்தையும் அங்கே பயிற்சி கொடுத்த பெண்ணிடம் கேட்டுவிட்டேன். மாதவிலக்கு நாட்களில் உடம்புக்கு முடிந்தால் ஆடலாம், முடியாவிட்டால் உட்காரலாம். அதிகப் போக்கோ தலைசுற்றலோ இருந்தால் டாக்டரிடம் காட்டி இரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்றார். நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் இரத்தசோகை இருக்கிறதே! சாப்பாட்டுக்கு அவர் சொன்னது ஊறவைத்த வேர்க்கடலை, முட்டை, கேழ்வரகுக் கூழ், கீரை. எல்லாம் நம் அடுப்படியில் இருப்பதுதான்.

இருட்டும் நேரத்தில் என் மகள் செருப்பைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு அரை மணி ஆடினாள். நான் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், முழங்கால் மேல் வைத்துத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பேனா கிழித்து ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பந்தயத்துக்குப் புறப்பட்ட அன்று காலையில் மட்டும், “வெறும் வயித்துல போகாதே கண்ணு” என்று ஒரு டப்பா எள்ளுருண்டையைப் பேத்தி பையில் வைத்தார்கள்.

முதல் ஆட்டத்திலேயே நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்று, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். டப்பா காலியாக இருந்தது.