கேடயம் தடுக்காத அம்பு



வீரனுக்குப் பகைவன் எதிரணியில்தான் இருப்பான் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் வீரர்களின் சரித்திரத்தையும் காவியங்களையும் சற்றே ஆராய்ந்து பாருங்கள். வாளுக்குத் தப்பியவர்கள் அநேகர் பொறாமைக்குத் தப்பவில்லை.

பறம்பு மலையை ஆண்ட பாரி வள்ளலை நீங்கள் அறிவீர்கள். முல்லைக்கொடி படர்வதற்குத் தன் தேரையே கொடுத்தவன் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவனுடைய நாட்டில் இருந்தவை 300 ஊர்கள். அவற்றையும் பரிசிலர் பெற்றுவிட்டனர் என்று புறநானூற்றின் 110-ஆம் பாட்டில் கபிலர் தெரிவிக்கிறார். அந்தச் சிறு மலையைத்தான் சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஒன்றுகூடி முற்றுகையிட்டார்கள். அவன் புகழைப் பொறுக்கமாட்டாமல் வந்தார்கள் என்றும், அவன் பெண்மக்களை மணம் கேட்டு மறுக்கப்பட்டதால் வந்தார்கள் என்றும் வழிவழியாகக் கூறுவர்.

109-ஆம் பாட்டில் கபிலர் அம்மூவருக்கும் ஒரு வழி சொல்லுகிறார். யானையாலும் தேராலும் பறம்பைப் பெற முடியாது. யாழ் மீட்டி, ஆடியும் பாடியும் வந்தால் நாட்டையும் மலையையும் சேர்த்தே தந்துவிடுவான் என்கிறார். கவனித்தீர்களா? கேட்டாலே கிடைத்திருக்கும்! ஆனால் பொறாமை பொருளைத் தேடி வருவதில்லை. பிறனிடம் உள்ளது எனக்கு வேண்டும் என்பது ஆசை; அவன் அதோடு வாழக்கூடாது என்பதே பொறாமை. மூன்று பேரரசர்களுக்கு இல்லாத செல்வமா பறம்பில் இருந்தது? முடிவில் பாரி மாண்டான். மலை அவர்கள் கைக்கு வந்தது. புகழோ இன்றுவரை பாரியிடமே இருக்கிறது.

மேல்நாட்டிலும் இதுவே நடந்ததாகக் காவியம் கூறுகிறது. ஆர்தர் அரசனின் வட்டமேசை வீரர்களைப் பற்றித் தாமஸ் மாலரி எழுதிய நூலை 1485-இல் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்டார். கொலை செய்யோம், துரோகம் செய்யோம், இரக்கம் கேட்பவனுக்கு இரங்குவோம், பெண்களுக்குத் துணைநிற்போம் என்று அவ்வீரர்கள் ஆண்டுதோறும் ஆணையிட்டார்கள். எந்த நாளில் தெரியுமா? பெந்தெகொஸ்தே பண்டிகையன்று! அந்த ஆணை கையைக் கட்டியது, கண்ணைக் கட்டவில்லை. பொறாமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவர்களில் லான்சிலாட் தலைசிறந்தவன். அவனை அக்ரவேனும் மோர்ட்ரெடும் உள்ளூர வெறுத்தார்கள். அரசியோடு அவனுக்கிருந்த தகாத உறவை அரசனிடம் வெளிப்படுத்தினார்கள். பாவம் மெய்தான், ஆனால் அவர்களைப் பேசவைத்தது நீதியல்ல, பகை. அதனால் வட்டமேசை உடைந்தது. ஆர்தரும் மோர்ட்ரெடும் ஒருவர் கையால் ஒருவர் வீழ்ந்தனர்.

நம்மிடையே வாள் இல்லை. "பாரத்தோடு சொல்லுகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கி அடுத்தவர் குறையை வீடுவீடாகச் சொல்லும் நாவு இருக்கிறதே, அது யாருடைய வாள்?

இன்று இந்தச் சோதனை நம் வாசலிலேயே நிற்கிறது. தாராவி மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்றுள்ளவருக்கு அங்கேயே வீடு. பின்னர் வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் வேறிடம் என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்த இருவரை ஒரு காகிதம் பிரித்துவிடலாம். ஒருவர் செம்பூரில் வீடு வாங்குகிறார். அவரோடு வந்தவர் இன்னும் பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறார். உங்கள் ஏக்கம் பாவமல்ல. விதியில் அநியாயம் இருந்தால் அதைக் கேட்பதும் பாவமல்ல. ஆனால் அண்டை வீட்டாரின் சான்று செல்லாமற்போகாதா என்று உள்ளம் இரகசியமாய் விரும்புமானால், அங்கே மூவேந்தரின் முற்றுகை தொடங்கிவிட்டது.

1 சாமுவேல் 18-ஆம் அதிகாரத்தில் இருவரைக் காண்கிறோம். பெண்கள் தாவீதை உயர்த்திப் பாடியதைக் கேட்ட சவுல் ஈட்டியை எறிந்தான். அரியணைக்கு உரிய யோனத்தானோ தன் சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றி அதே தாவீதுக்குக் கொடுத்தான். இழக்க அதிகம் இருந்தவன் யோனத்தானே. ஆகிலும் அவன் உள்ளத்தில் பொறாமை நுழைய இடமில்லை. கொடுக்கிற கையால் ஈட்டியைப் பிடிக்க முடியாதே!

ஆகையால் பிரியமானவர்களே, யாருடைய உயர்வு உங்கள் உள்ளத்தைக் குத்துகிறதோ, அவருடைய பெயரைச் சொல்லி இன்று ஆசீர்வதியுங்கள். அவர் வீட்டுக்குப் போய், அவருடைய சந்தோஷத்தில் பங்குகொள்ளுங்கள். மெய்யான வீரம் அந்தப் படியேறுவதில்தான் இருக்கிறது.