விருந்தாளியின் கால் சைன்

அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போகும் இந்திய ஹாம் (பயில்முறை வானொலி உரிமக்காரர்) ஒருவருக்கு முதலில் காதில் விழுவது நல்ல சேதிதான். இரு நாடுகளுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியக் குடிமகனாக இருந்து இந்திய உரிமமும் கையில் இருந்தால் விண்ணப்பம், கட்டணம், தேர்வு எதுவும் இல்லாமல் அங்கே வானொலியில் பேசலாம். கலிபோர்னியா என்றால் தன் கால் சைனுக்கு (அழைப்புக் குறிக்கு) முன்னால் 'டபிள்யூ6' சேர்த்து, ஒவ்வொரு உரையாடலிலும் ஒரு முறையாவது ஊரையும் மாநிலத்தையும் சொன்னால் போதும். இது பெருந்தன்மையான ஏற்பாடு. ஆனால் இரண்டு வாரம் தங்கிப் போகிறவருக்குத்தான் இது சரி. குடித்தனம் நடத்துகிறவர் அந்த ஊர் உரிமத்தையே வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் சலுகையைத் தரும் விதியிலேயே இருக்கிறது. விருந்தாளி, தன் நாட்டு உரிமத்தின் வரம்புகளையும் சேர்த்தே சுமந்து வர வேண்டும் என்கிறது அமெரிக்க விதி 97.107. இரண்டு மீட்டர் பட்டை நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே 148 வரை. அங்குள்ளவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்ளும் இடமோ 146.520. குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ஏராளமான ரிப்பீட்டர்களும் 146-க்கு மேல்தான். கையடக்க ரேடியோவில் பக்கத்துத் தெருக்காரர் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கும். பதில் சொல்ல பொத்தானை அழுத்தும் உரிமை நமக்கு இராது. நாற்பது மீட்டரிலும் அதே கதை: அவர்கள் 7.300 வரை பேசுவார்கள், நாம் 7.200-இல் நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளூர் நட்பும், புயல் நேரத்து வலைக்கூட்டமும் நடக்கிற இடத்திலேயே வாயடைத்துப் போகிறோம்.

ஓம் விதி ஊருக்கு ஊர் மாறுமா, ஒரு முறை தேறியவர் ஏன் மறுபடி எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓம் விதி மாறாது. பட்டையின் எல்லை மாறுகிறது, மேலே சொன்னதே சாட்சி. தேர்வும் மலையல்ல. தொடக்க நிலையான டெக்னீஷியன் தாளில் 35 கேள்விக்கு 26 சரியாக இருந்தால் தேர்ச்சி; கேள்வித் தொகுப்பு முழுவதும் பொதுவில் கிடைக்கிறது; வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இல்லாத எவரும் குடியுரிமை இல்லாமலே எழுதலாம். அந்த உரிமத்தைக் காட்டி ஐரோப்பாவிலும் பேசலாமே என்ற ஆசை மட்டும் வேண்டாம். செப்ட் என்ற ஐரோப்பிய ஏற்பாட்டில் அமெரிக்க உரிமத்தைப் பயன்படுத்த அமெரிக்கக் குடிமகனாக இருந்தாக வேண்டும்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அமெரிக்க உரிமம் கைக்கு வந்த நாளே விருந்தாளிச் சலுகை போய்விடும். டெக்னீஷியனோடு நின்றால் சிற்றலைப் பட்டைகளில் குரலில் பேச பத்து மீட்டரில் ஒரு துண்டு, 28.3 முதல் 28.5 வரைதான் மிஞ்சும். நேற்றுவரை இருபது மீட்டரில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அது பேரிழப்பு. அதற்கு வழி, தேர்வைத் தள்ளிப்போடுவதல்ல. டெக்னீஷியன் தாளைத் திருத்தி முடித்த அதே மேசையில், அதே அமர்வில், இருபது மீட்டரையும் திறந்துவிடும் அடுத்த நிலையான ஜெனரல் தாளையும் கேட்டு வாங்கி எழுதிவிடுவதுதான்.