துளியின் பதம்

செய்தித்தாளில் வந்த நாலு வரிதான் தொடக்கம். வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை நடத்தி, மூட்டை மூட்டையாக வெள்ளைச் சர்க்கரையை, ஊர்ப் பேச்சில் அஸ்காவை, பறிமுதல் செய்தார்கள் என்று இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு நிற்கும் காவிரிக்கரையில், வெல்லம் காய்ச்சுகிறவர் எதற்குக் கடைச் சர்க்கரையை வாங்க வேண்டும்? பரமத்திவேலூர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "நேர்ல வந்து பாருங்க" என்றவர், ஜேடர்பாளையத்தை ஒட்டிய ஓர் ஆலைக்காரரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஜேடர்பாளையத்தில் பேருந்தை விட்டு இறங்கினால் பொரித்த மீன் வாசனைதான் முதலில் வரும். படுகை அணையைப் பார்க்க வருகிறவர்களுக்காக வரிசையாக மீன் கடைகள். அணையையும் அதிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலையும் உண்டாக்கியவர் என்று அல்லாள இளைய நாயக்கரை ஊரார் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நிற்கின்றன.

ஆலைக்கொட்டாயில் கரும்பு ஆட்டுவது, சாறு வடிப்பது, சுண்ணாம்பு விட்டு அழுக்கெடுப்பது எல்லாம் வேகவேகமாக நடந்தன. முழுவதையும் என்னால் பின்தொடர முடியவில்லை. நான் நின்று பார்த்தது ஒரே ஒரு செய்கையை. கொப்பரையில் பாகு பொன்னிறமாகக் கொதித்துக் குமிழ்விடும்போது, ஆலைக்கார அண்ணன் கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். சொட்டு கரைந்து பரவியது. "இன்னும் ஆகலீங்க." சக்கையை அடுப்பில் தள்ளினார்கள். சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. இம்முறை அது கலையாமல் அடியில் போய் உட்கார்ந்தது. விரலால் திரட்டி உருட்டிப் பார்த்தார். "பதம் வந்துருச்சு, இறக்குங்கடா!" நாலு பேர் ஓடி வந்தார்கள். முப்பது வருடமாக அவர் தெர்மாமீட்டரைத் தொட்டதில்லை. சொட்டு தண்ணீரில் விழும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

அப்போதுதான் சக்கை மேட்டில் படுத்திருந்த பூனையைக் கவனித்தேன். சாம்பல் நிறம். மாட்டுக்கு வைப்பதுபோல மயிலை என்று பெயர் வைத்திருந்தார்கள். எலிக்காக வந்த குட்டி, பதினொரு வருடமாக ஆலையிலேயே இருக்கிறது. வயிறு இருபுறமும் பிதுங்கி, பேரிக்காய்போலத் தொங்கியது.

"சினையா அண்ணே?"

"இல்லீங்க. ரெண்டு மூணு வருசமா குட்டியே இல்ல. ஒரு மாசமா இப்படி ஊதிக்கிட்டே போகுது. கடையில கேட்டேன், பூச்சி மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு தடவ போட்டும் இறங்கல. அப்பறம் நீர் பிரியறதுக்குன்னு ஒரு மாத்திரை. அதுக்கும் அசையல. சோறு வேற குறைஞ்சு போச்சுங்க."

மறுநாள் ஆலைக்கு விடுமுறை. வெற்றிலைக் கூடையில் பழைய வேட்டியை விரித்து மயிலையை உட்கார வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, பரமத்தி வழியாக நாமக்கல்லுக்குப் போனோம். வெல்லத்தைப் பற்றி எழுத வந்தவன், அன்று முதல் பூனை வயிற்றைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.

நாமக்கல் என்றால் முட்டை. கோழிக்கு என்ன நோய் வந்தாலும் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இருக்கும் ஊர். 1903இல் சென்னையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அடுத்து, தமிழ்நாட்டின் இரண்டாவது கல்லூரி 1985இல் இங்கேதான் வந்தது. நாங்கள் போனது அங்கே படித்து வெளிவந்த ஒரு டாக்டரம்மாவின் சிறிய கிளினிக்குக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் முதலில் மயிலையைத் தொடவே இல்லை. கூடையைத் திறந்து வைத்துவிட்டு, அது மூச்சு விடுவதை மட்டும் ஒரு நிமிடம் பார்த்தார். நெஞ்சிலும் நீர் கோத்திருந்தால் பூனையை அழுத்திப் படுக்க வைப்பதே ஆபத்து என்றார். நாய்க்கு இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் பெரும்பாலும் வயிற்றில் நீர் சேரும். பூனைக்கு நெஞ்சில்தான் அதிகம் சேரும். ஆகவே பூனையின் வயிறு பெருத்தால் இதயத்தை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது.

பிறகு கேள்விகள். எப்போதிருந்து, எவ்வளவு தின்கிறது, வாந்தி உண்டா, வெளிக்குப் போகிறதா, சிறுநீர் எங்கே விடுகிறது. "குட்டி போடற வயசு தாண்டிருச்சுங்க" என்று அண்ணன் சொன்னபோது மறுத்தார். பூனைக்கு அப்படி ஒரு வயது வரம்பு கிடையாது, கிழப் பூனையும் சினைபிடிக்கும், சினை இல்லாமலே கர்ப்பப்பையில் சீழ் கட்டி வயிறு பெருக்கவும் செய்யும் என்றார். கடுவன் பூனையாக இருந்தால் சிறுநீர்ப் பாதை அடைத்து, பை பந்துபோல வீங்கியிருக்கலாம், அதற்கு ஒரு நாள் தாமதம்கூட உயிரை வாங்கிவிடும். மலம் இறுகிக் குடலில் தேங்கியிருக்கலாம். கல்லீரல் வீங்கியிருக்கலாம். கட்டி இருக்கலாம். வெறும் கொழுப்பாகவும் இருக்கலாம். "வயிறு வீங்கியிருக்குன்னு சொல்றது, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்கன்னு சொல்ற மாதிரி. யாருன்னு தெரியாம எதைக் கொடுக்கறது?"

இரண்டு விரலால் மயிலையின் முதுகெலும்பை வருடினார். என்னையும் தொடச் சொன்னார். ஒவ்வொரு கணுவும் மணிமணியாகத் தட்டியது. தசை கரைந்திருந்தது. கொழுப்பால் பெருத்த வயிறு என்றால் முதுகு இப்படி இருக்காது. அடுத்து வயிற்றின் ஒரு பக்கம் உள்ளங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு, மறுபக்கம் விரலால் மெல்லச் சுண்டினார். அண்ணன் ஆசைப்பட்டு, தானும் கையை வைத்துப் பார்த்தார். பாகு தெறித்த தழும்பு நிறைந்த அந்தக் கைக்கு உடனே தெரிந்துவிட்டது. "குடத்துல தண்ணி அலம்புதுங்க."

கண்டுபிடித்தது கை. எந்திரத்துக்கு அதை உறுதிசெய்யும் வேலைதான் மிஞ்சியது. ஸ்கேன் திரையில் எனக்குச் சாம்பல் மேகம் மட்டுமே தெரிந்ததால் அதை இங்கே விவரிக்கவில்லை. குடலின் ஓரிடம் தடித்திருப்பதாகவும், பக்கத்து நிணநீர்க் கணுக்கள் பெருத்திருப்பதாகவும் அவர் குறித்துக்கொண்டார்.

மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்தார். மயிலை முனகக்கூட இல்லை. "அத்தனையும் வடிச்சு விட்ரலாங்களே?" என்று அண்ணன் கேட்டார். மூச்சுத் திணறினால் ஒழிய முழுவதையும் வடிப்பதில்லை, அந்த நீரோடு உடம்பின் புரதமும் போய்விடும், காரணம் தீராதவரை நீர் மறுபடி ஊறும் என்றார் அவர். எடுத்த நீர் இளமஞ்சளாக, லேசாகக் கலங்கியிருந்தது.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சோதனைக் குழாயில் காய்ச்சி வடித்த நீர். அதில் ஒரு சொட்டு அசெட்டிக் அமிலம், நம் வீட்டு வினிகரில் இருக்கும் அதே அமிலம். கலக்கிவிட்டு, மயிலையின் வயிற்று நீரில் ஒரு துளியை அதன் மேல் விட்டார். துளி கரையவில்லை. வெண்ணிறத் தொங்கலாக, உருக்குலையாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

"பதம் வந்துருச்சுங்களே!" என்றார் அண்ணன்.

இந்தச் சோதனைக்கு ரிவால்டா என்று பெயர். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய ஆய்வாளர் ரிவால்டா மனித நோயாளிகளுக்காகக் கண்டது. மனித மருத்துவம் அதைப் பெரிதும் கைவிட்ட பிறகு பூனை மருத்துவத்தில் தங்கிவிட்டது. காரணம் எஃப்.ஐ.பி. என்ற கொடிய நோய். பூனைகளின் கொரோனா கிருமி உருமாறி உண்டாக்குவது. வயிற்றில் பிசுபிசுத்த மஞ்சள் நீர் சேரும். இந்தச் சோதனையில் துளி கரைந்து போனால், அநேகமாக அந்த நோய் இல்லை என்று சொல்லிவிடலாம். செலவே இல்லாத சோதனை.

"அப்ப கரையலைன்னா அந்த நோய்தானுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அண்ணன் சொன்னார். "அதெப்படிங்க? அஸ்காவைக் கொட்டிக் காய்ச்சினாலும் பதம் வருமுங்க. உருண்டை நிக்கும். பாகு இறுகிருச்சுன்னுதான் துளி சொல்லும். கரும்பா அஸ்காவான்னு அது சொல்லாது. நாக்குல வெச்சாத்தான் தெரியும்."

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மைக்ராஸ்கோப்பைக் காட்டி, "எனக்கு நாக்கு இதுங்க அண்ணா" என்றார். புரதமும் அழற்சியும் மிகுந்த எந்த நீரும் துளியாக நிற்கும். கிருமிச் சீழ் நிற்கும், சில புற்றுநோய் நீரும் நிற்கும். எஃப்.ஐ.பி. பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குட்டிகளைப் பிடிப்பது. பதினொரு வயதில் வரவே வராது என்றில்லை, ஆனால் முதலில் வேறு இடத்தில் தேட வேண்டும்.

நீரைச் சுழற்றி, அடியில் தங்கியதைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றிக் காயவைத்தார். அந்த நேரத்தில் வெளி பெஞ்சில் ஒரு பெண்ணிடம் பேசினேன். மடியில் பாரசீக இனக் குட்டி, அதற்கும் வயிறு பெருத்திருந்தது. குட்டியை விற்றவரிடமே போனில் கேட்டிருக்கிறார். எந்தச் சோதனையும் இல்லாமல், "84 நாள் ஊசி போடணும், நானே வரவழைச்சுத் தர்றேன்" என்று பதில் வந்திருக்கிறது. அனுப்பிய சிறு குப்பியைக் காட்டினார். அதில் தயாரித்தவர் பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை.

எனக்குக் கோபம் பொங்கியது. மருந்து பொய்யில்லை என்பதுதான் இதில் கொடுமை. கிலியட் நிறுவனம் உருவாக்கிய ஜிஎஸ்-441524 என்ற மூலக்கூறை, கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வில் 25 பூனைகள் பிழைத்தன. அதுவரை அந்த நோய் என்றால் பெரும்பாலும் சாவு என்றுதான் பொருள். ஆனால் நிறுவனம் அதைப் பூனைகளுக்காகச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. அந்த வெற்றிடத்தில் பெயரில்லாத குப்பிகள் உலகெங்கும் கைமாறத் தொடங்கின. பிரிட்டனில் 2021இலும் அமெரிக்காவில் 2024 ஜூனிலும்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்து முறையாக வாங்க வழி பிறந்தது. உண்மையான மருந்தைக் கண்டவர்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். இடையில் நிற்பவனோ ஒரு நாளும் ஒரு துளியைக்கூடச் சோதித்ததில்லை. வயிறு வீங்கியிருந்தால் அவனுக்குப் போதும், காரணம் தேவையில்லை. காரணத்தைத் தேடினால் பலருக்கு அவனுடைய குப்பி வேண்டியிருக்காது. துளி நின்றதை மட்டும் வைத்து முடிவுகட்டியிருந்தால், மயிலைக்கும் அந்தக் குப்பி வந்திருக்கும், அண்ணனின் ஒரு பருவத்து உழைப்பு அதில் போயிருக்கும். அவருடைய வெல்லத்துக்கும் இதே கதைதான். பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு 30 கிலோ சிப்பமாகக் கொண்டு போனால், வெளுப்பாக இருப்பதற்குத்தான் விலை. கரும்பின் இயல்பான நிறத்துக்கு விலை குறைவு. வெளுப்பைக் கேட்கிற வியாபாரி பாதுகாப்பாக இருக்கிறார், அஸ்காவும், வெளுப்பாக்கும் ஹைட்ராஸ் ரசாயனமும் போட்ட ஆலைக்காரர் செய்தித்தாளில் வருகிறார்.

உள்ளே கூப்பிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் நானும் பார்த்தேன். ஊதா நிறத்தில் பெரிய பெரிய உருண்டைச் செல்கள், ஒவ்வொன்றையும் ஏறக்குறைய முழுக்க அடைத்துக்கொண்ட உட்கரு, எல்லாம் ஒரே சாயலில். நிணநீர்ப் புற்று. இன்னொரு சில்லை நோய்க்கூறு நிபுணருக்கு அனுப்பினார், மூன்றாம் நாள் அவரும் அதையே சொன்னார். கடையில் கொடுத்த மாத்திரை அட்டையை டாக்டரம்மா இருமுறை படித்துப் பார்த்தார். நல்லவேளையாக அதில் ஸ்டீராய்டு இல்லை. இருந்திருந்தால் இந்தச் செல்கள் சுருங்கி மறைந்து, நோய் பிடிபடாமலே போயிருக்கலாம். "காய்ச்சல்னு பாராசிட்டமால் எதுவும் கொடுத்தீங்களா?" என்றும் கேட்டார். பூனையின் கல்லீரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, மனிதர் போடும் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார்.

புற்றுக்கான ஊசிகளைத் தொடர்ந்து போட்டால் சில மாதம் கூடலாம். வாரம் ஒருமுறை வரவேண்டும். மாத்திரை மட்டும் என்றால் சில வாரம், கூடிப்போனால் இரண்டு மாதம், ஆனால் பசி வரும், வலி தணியும். அண்ணன் வெகுநேரம் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூடையில அடைச்சா கத்துதுங்க. ஆலையிலயே இருக்கட்டும். மாத்திரை குடுங்க."

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மறுபடி போனேன். கொப்பரை இறக்கிய பிறகு அடுப்பு மேடை இளஞ்சூட்டோடு இருந்தது. மயிலை அதன்மேல் படுத்திருந்தது. வயிறு கொஞ்சம் வற்றியிருந்தது. கொட்டாய் முழுக்க வெல்ல வாசனை. பூனையின் நாக்குக்கு இனிப்பை அறியும் திறன் இல்லை என்பதை 2005இல் மரபணுவில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். "அதானுங்களா! குட்டியில இருந்து ஒரு கட்டியக்கூட நக்கினதில்ல" என்றார்.

மடியிலிருந்து மாத்திரையை எடுத்தார். உப்பும் மிளகாயும் போடாமல் அவித்த ஆற்று மீனில் ஒரு துண்டைப் பிட்டு, முள் பார்த்து, மாத்திரையை நடுவில் பொதிந்து நீட்டினார். மயிலை மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. அண்ணன் அதை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, இன்னொரு துண்டைப் பிட்டார்.